மாஸ்க்குக்குள் ஒரு பதிகம்

அண்மையில் ஒரே கண் மருத்துவமனையிலிருந்து இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டேன். கண்ணைக் காட்டப் போனவனைக் கையைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள்!

வலக்கண்ணில் புரை. எடுத்துவிடலாம் என்று நாள் குறித்தார்கள். குறித்த நாளில் குளித்து, திருநீறு பூசி, மாஸ்க் அணிந்து போய் உட்கார்ந்தேன். நர்ஸ் என் கையில் பி.பி. பட்டையைச் சுற்றினார். நூற்று எழுபத்திரண்டு.

"இன்னைக்கு வேணாம் தாத்தா. பி.பி. இறங்கட்டும். அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் போனேன். நூற்று எழுபத்தெட்டு!

வீட்டிலோ நாள்தோறும் மாலையில் என் மனைவி கோமதி பேட்டரியில் இயங்கும் ஒரு கருவியை வைத்துப் பார்க்கிறாள். "நூத்தி முப்பத்திரண்டு" என்பாள். மறுநாள், "நூத்தி முப்பது." எண்ணை நான் பார்ப்பதில்லை. புரை விழுந்த கண்ணுக்கு மூன்றும் எட்டும் ஒன்றுதான்.

ஒரு வாரம் தள்ளிப்போனால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். என் இடக்கண் இளமையிலிருந்தே மங்கல், நம்பியிருந்தது வலக்கண்ணை. வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் சந்நிதியில் நிற்கிறேன். தீபாராதனை நடக்கிறது. சுற்றிலும் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். எனக்கோ, திருமுகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் மூட்டம். ஐம்பது ஆண்டுகளாகப் பாடி வருகிற முகம். மூக்குத்தியின் ஒளிகூட மனப்பாடம். ஆனால் நினைவில் இருப்பதும் எதிரில் இருப்பதும் ஒன்றாகிவிடுமா?

செய்தி உசிலம்பட்டிக்கு எட்டியது. அங்கே இருப்பவர் கோமதியின் தம்பி பெரியசாமி. ஓய்வுபெற்ற முத்திரை ஆய்வாளர். கடைகளில் உள்ள தராசும் எடைக்கற்களும் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்து முத்திரை வைப்பதே அவருடைய பணி. பணி ஓய்ந்தது... சோதனை ஓயவில்லை.

காய்கறிக் கடைக்குப் போனால், தட்டு காலியாக இருக்கும்போது தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று குனிந்து பார்த்த பிறகே கத்தரிக்காயைத் தொடுவார். சுவர்க் கடிகாரத்தை நேர் எதிரே நின்றுதான் பார்ப்பார். பக்கவாட்டில் நின்றால் முள் ஒரு நிமிடம் தள்ளித் தெரியுமாம். என் பேத்தியின் திருமணத்தில் புரோகிதர் பார்த்துச் சொன்ன நேரத்தையும், மண்டபத்துக் கடிகாரத்தின் நேர் எதிரே போய் நின்று சரிபார்த்துவிட்டு வந்தார். அதுவரை மாப்பிள்ளை தாலியும் கையுமாகக் காத்திருந்தார்!

மூன்றாம் முறை நான் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாளில், பெரியசாமி காலையிலேயே பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"மச்சான், ஒரு மெஷின் நூத்தி முப்பத்திரண்டுங்குது, இன்னொண்ணு நூத்தி எழுபத்தெட்டுங்குது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. எதுன்னு இன்னைக்குப் பாத்துருவோம். அக்கா, அந்த மெஷின எடு."

கோமதிக்கு அதைக் கொடுக்க அவ்வளவாக மனமில்லை. "அதெல்லாம் நல்லாத்தான்டா இருக்கு. எதுக்கு அதத் தூக்கிக்கிட்டு அலையிற? காப்பி குடி."

"வந்து குடிக்கிறேன்" என்று அவரே அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

மருத்துவமனையில் அதே நர்ஸ்தான் இருந்தார். இரண்டு கருவியாலும் பார்க்க வேண்டும் என்று பெரியசாமி கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சார் யாரு, டாக்டரா?"

"தராசு பாத்தவன்மா."

"இங்க தராசு இல்லையே சார்."

"அளக்குறது எல்லாமே தராசுதாம்மா. நீங்க வைங்க."

முதலில் மருத்துவமனைக் கருவி: நூற்று எழுபத்தாறு. சற்று இடைவெளி விட்டு, அதே கையில் எங்கள் வீட்டுக் கருவி: நூற்று எழுபத்து நான்கு.

பெரியசாமியின் முகம் வாடிவிட்டது. ஒரு பொய்யனைப் பிடிக்க வந்தவர் அவர். இரண்டு சாட்சிகளும் ஒன்றுபோலப் பேசினால் என்ன செய்வார்? வீட்டில் நூற்று முப்பத்திரண்டு சொன்ன அதே கருவி அல்லவா இது!

"ரெண்டும் சரியாத்தான் காட்டுது. அப்படின்னா, அளக்குற பொருள்லதான் ஏதோ கோளாறு" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். கத்தரிக்காயைப் பார்க்கும் அதே பார்வை. "இன்னொருக்கா வைங்கம்மா."

பட்டை மீண்டும் இறுகியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பெரியசாமி இம்முறை கருவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"மச்சான்... அந்த மாஸ்க் ஏன் ஆடுது?"

அகப்பட்டுக்கொண்டேன்!

அச்சம் வந்தால் பதிகம் சொல்வது என் வழக்கம். உரக்க அல்ல, உதடு மட்டும் அசையும்படி. பட்டை இறுகும்போது முதற்பாட்டைத் தொடங்கி, அது தளர்வதற்குள் இரண்டாம் பாட்டை முடித்துவிட வேண்டும் என்று ஒரு வேகம். பி.பி. இறங்க வேண்டும் என்றுதான் பாடினேன். முதல் வாரம் இறங்கவில்லை. பக்தி போதவில்லை போலும் என்று எண்ணி, இரண்டாம் வாரம் உருக்கத்தைக் கூட்டினேன். எண்ணும் கூடியது!

நர்ஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ தாத்தா! பி.பி. பாக்கும்போது பேசவே கூடாது. பேசுனாலே ஏறும். மாஸ்க் போட்டிருந்ததால எனக்கும் தெரியல."

"நான் எங்கேம்மா பேசினேன்? பாடினேன்."

"அது இன்னும் மோசம்!"

வீட்டில் ஏன் இந்தச் சிக்கல் வரவில்லை என்கிறீர்களா? வீட்டில் பயமில்லை, ஆகவே பதிகமும் இல்லை. தவிரவும், கோமதி அளக்கும்போது பேசுகிறவள் அவள். நான் கேட்கிறவன்.

பெரியசாமிக்கு உயிர் வந்துவிட்டது. "தராசுத் தட்டுல கைய ஊனிக்கிட்டே எடை போட்ட மாதிரி இருக்கு மச்சான். டூட்டில இருந்தா உங்க மேல கேஸே எழுதியிருப்பேன்."

"அம்மனைத்தானே மாப்ள கூப்பிட்டேன்?"

"கூப்புடுங்க. அளந்து முடிச்சிட்டுக் கூப்புடுங்க. அதுக்குள்ள அவ எங்க போயிரப் போறா?"

நர்ஸ் என்னை முதுகு சாய்த்து உட்கார வைத்தார். பாதம் இரண்டும் தரையில், கை மேசைமேல். ஐந்து நிமிடம் வாய் திறக்கக் கூடாது.

ஐந்து நிமிடம்! நூற்றுக்கணக்கான பாட்டுகளை மனப்பாடம் செய்தவனுக்கு, ஒரு பாட்டும் சொல்லாமல் ஐந்து நிமிடம் உட்காருவது எத்தனை பெரிய தவம் என்று அன்றுதான் தெரிந்தது. அம்மன் எதிரில் நான் ஒருநாளாவது வெறுமனே நின்றதுண்டா? எதையேனும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். பாவம், அவளும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

நூற்று நாற்பத்து நான்கு. எங்கள் கருவியில் நூற்று நாற்பத்திரண்டு. டாக்டர் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அன்று மதியமே ஆபரேஷன் முடிந்தது.

வீடு திரும்பும் வழியில் பெரியசாமியிடம் கேட்டேன். "வாயை மூடியும், வீட்டில் வருவதைவிடப் பத்து கூடத்தானே இருக்கிறது, மாப்ள?"

"அது ஆஸ்பத்திரி பயம் மச்சான். கழிச்சுக்கங்க" என்றார், முத்திரை குத்துகிற உறுதியுடன்.

டாக்டர் அனுமதித்ததும் வந்த முதல் வெள்ளியன்று கோயிலுக்குப் போனேன். தீபாராதனையின்போது கறுப்புக் கண்ணாடியைச் சற்றே இறக்கினேன். மூக்குத்தி மின்னியது. அதற்குமேல் முகம்... கண்கள்... அந்தச் சிரிப்பு. பாடுவதற்கு ஒரு பாட்டும் நினைவுக்கு வரவில்லை.

அன்று மாலை வழக்கம்போல் கோமதி பட்டையைச் சுற்றினாள். வாய் மூடி அமர்ந்திருந்தேன். கருவி கீச்சென்று ஒலித்து நின்றது. புதுக்கண்ணல்லவா? ஆசையாய் எட்டிப் பார்த்தேன். நூற்று நாற்பத்து நான்கு.

"நூத்தி முப்பத்து நாலு" என்றாள் கோமதி, சற்றும் தயங்காமல்.

மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் முகமும் அன்று மிகத் தெளிவாகத் தெரிந்தது.

"எத்தனை நாளாக?"

"என்னது?"

"இந்தப் பத்து."

அவள் பட்டையைச் சுருட்டி வைத்தாள். "மெஷின் வாங்குன அன்னையிலருந்து. நெசத்தச் சொன்னா அதையே நெனச்சு நெனச்சு இன்னும் இம்புட்டு ஏத்தி வச்சுக்கிருவீங்க. எனக்குத் தெரியாதா உங்கள?"

பெரியசாமிக்கு போன் செய்தேன். அன்று மருத்துவமனையில் இரண்டு கருவியையும் ஒப்பிட்டுப் பார்த்தார், திரும்பத் திரும்ப அளந்தும் பார்த்தார். எண்ணை வாசிக்கிறவரைச் சோதிக்க மறந்துவிட்டாரே என்றேன்.

"அக்கா கேஸ்ல நான் தலையிட மாட்டேன் மச்சான்" என்று போனை வைத்துவிட்டார்.

பி.பி.க்கு மாத்திரை தருகிற டாக்டரிடம் உண்மை எண்களைச் சொன்னேன். மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். இப்போது கருவியை நானே வாசித்து, அவர் தந்த நோட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

அடுக்களையிலிருந்து கோமதி "எம்புட்டு?" என்று கேட்டால் மட்டும், பத்து குறைத்துச் சொல்கிறேன்.