கடைசி வரிசைக்குப் போன கேமரா

சுவிட்சர்லாந்தின் பாசல் நகர நாடக அரங்கில், படப்பிடிப்பைப் பார்க்க அனுமதி பெற்று மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். மேடை, வானொலி, சினிமா எல்லாவற்றிலும் பேர் வாங்கிய சுவீடன் நாட்டு இயக்குநர், தாம் எழுதிய நாடகத்தைத் தொலைக்காட்சிக்காகப் படமாக்குகிறார். அகதியாக நடிக்கும் யாழ்ப்பாணத்து ரவி, தமிழ் வசனத்தை மேடையில் பேசிய அதே குரலில் முழங்குகிறார். ஒலிப்பதிவாளர் சத்தம் தாங்காமல் ஹெட்போனைக் கழற்றிவிடுகிறார்.

படப்பிடிப்பு நிற்கிறது. ரவி என் பக்கத்தில் வந்து உட்கார்கிறார்.

“படத்தில இருந்து என்னை வெட்டிப்போடுவினமோ, அண்ணை?”

“கொஞ்சம் மெதுவா சொல்லிப் பாருங்களேன்.”

“மெல்லச் சொன்னா அழுகை வந்திடும். கத்தினாத்தான் தாங்குவன்.”

இதை நான் ஆங்கிலத்தில் இயக்குநரிடம் சொல்கிறேன். அவர் கேமராவையும் மைக்கையும் கடைசி வரிசைக்குத் தள்ளச் சொல்கிறார். ரவி மறுபடி முழங்குகிறார். இயக்குநர் சரி என்று தலையசைத்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போகிறார்.

“தப்பிட்டன், அண்ணை!” என்று ரவி போடும் சத்தத்தில் இயக்குநரே திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்.