காகித மோட்டாரின் டிரைவர்

உங்கள் மேசைமேல் நிற்கும் சின்ன மோட்டார் கார் பொம்மைகளை வைத்துக்கொண்டு, "அசல் வண்டிக்குக் கதவு தொறக்கும், இதுக்குத் தொறக்கல" என்றும், "லைட்டு இவ்வளவு பெருசா இருக்காது" என்றும் நீங்கள் இருவரும் சண்டை போடும்போது நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். அப்பாவுக்குச் சத்தம் பிடிக்காது என்று நினைத்துக்கொள்கிறீர்கள். அது காரணமில்லை, பிள்ளைகளே. ஒரு மோட்டாரை அசல்போலவே செய்ய வேண்டும் என்று பெரியவர்கள் போட்ட சண்டை ஒன்றை உங்கள் வயதில் நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அப்போது பட்ட பயம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

வெள்ளைக்காரன் காலம் அது. நாங்கள் மலாய் நாட்டில், கிள்ளான் என்ற ஊரில் இருந்தோம். ரப்பர் வாங்கி விற்கும் ஒரு சீன முதலாளிக்கு என் அப்பா மோட்டார் டிரைவர். அந்த முதலாளியை எல்லாரும் தவுக்கே என்று அழைப்பார்கள். அவருடைய பெரிய வீட்டுக்குப் பின்னால் மோட்டார் நிற்கும் கொட்டகை. கொட்டகையை ஒட்டி ஒரு ரூம்பு. அந்த ரூம்பில்தான் அப்பா, அம்மா, நான் மூவரும் குடியிருந்தோம். பெட்ரோல் வாசனை இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஒருநாள் தவுக்கே திடீரென்று இறந்துபோனார். பணக்காரச் சீனர் வீடுகளில் சவப்பெட்டியை உடனே எடுக்கமாட்டார்கள். நாள் பார்த்து, சடங்கெல்லாம் செய்து, பல நாள் வீட்டிலேயே வைத்திருப்பார்கள். அதற்குள் காகிதத்திலும் மூங்கில் சிம்பிலும் வீடு, கட்டில், வேலைக்காரர்கள் எல்லாம் செய்து தயாராகிவிடும். அடக்கத்தன்று அவற்றை எரித்தால் இறந்தவரிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அவர்கள் வழக்கம். தவுக்கேயின் மகன், சின்னத் தவுக்கே, ஒரு மோட்டாரும் வேண்டும் என்றார். ஏதோ ஒரு மோட்டார் போதாது, தன் அப்பாவுடைய அதே மோட்டார்தான் வேண்டும் என்றார்.

அதனால்தான் இவற்றையெல்லாம் செய்யும் காகிதக் கடைக்கு என் அப்பாவையும் வரச் சொன்னார்கள். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் இருந்த கடைதான். உள்ளே காகிதக் குதிரை ஒன்று இன்னும் கண் வைக்கப்படாமல் நின்றது. கடைக்காரர் ஒல்லியான மனிதர். கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருந்தார். அவரும் சின்னத் தவுக்கேயும் அப்பாவும் பாசார் மலாய் என்ற சந்தை மலாயில் பேசிக்கொண்டார்கள். நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

"எல்லாம் பாதி அளவு," என்று சின்னத் தவுக்கே மடக்கு ஸ்கேலை விரித்தார். அவர் இங்கிலீஷ் படித்தவர். "சக்கரம் பாதி, விளக்கு பாதி, மிதிபலகை பாதி. குத்துமதிப்பு கூடாது."

"சக்கரம் பாதின்னா ஆரக்காலும் பாதி போதும்லா," என்றார் கடைக்காரர். "அத்தனையும் வச்சா சீப்பு மாதிரி இருக்கும்."

"சீப்பு மாதிரி இருக்கட்டும். கொறையக் கூடாது."

"செத்தவரு எறங்கி வந்து எண்ணவா போறாரு?"

"எங்கப்பா எண்ணுவாரு. உனக்குத் தெரியாது அவர."

ஆரக்கால் எத்தனை என்று இருவரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். பிறகு யாரும் கேட்காமலே ஹார்ன் எந்தப் பக்கம், எஞ்சின் சுற்றும் கைப்பிடி எவ்வளவு நீளம், மேல்கூரைத் துணியில் ஒட்டுப்போட்ட இடம் எது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். இவ்வளவு பேசும் அப்பாவை நான் வீட்டில் பார்த்ததில்லை. கடைக்காரரிடம் பேசுகிறார், ஆனால் கண் மட்டும் சின்னத் தவுக்கேயின் முகத்திலேயே இருந்தது.

முன்பக்க மட்கார்டில் ஒரு நசுங்கல் உண்டு. அதுவும் வேண்டும் என்றார் சின்னத் தவுக்கே. கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒடஞ்ச சாமானை யாராச்சும் மேல அனுப்புவாங்களா? என் கடைப் பேரு என்னாவுறது?"

அப்பா பணிவாகச் சொன்னார்: "தவுக்கே தெனம் அந்த நசுங்கலத் தடவிப் பாத்து என்னைத் திட்டிட்டுத்தான் ஏறுவாரு. அது இல்லாட்டி தன்னோட வண்டின்னு நம்பமாட்டாரு."

தன் அப்பாவைப் பறிகொடுத்திருந்த சின்னத் தவுக்கே அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தார். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே நசுங்கலுக்கும் ஒப்புக்கொண்டார். எனக்கு வேடிக்கையாக இருந்தது. அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம்.

கடைக்காரர்தான் கேட்டார்: "டிரைவர்? வழக்கமா நான் செய்யிறதுதானே? செவத்த கன்னம், தொப்பி."

"இல்ல," என்றார் சின்னத் தவுக்கே. "வேற ஆள் ஓட்டினா எங்கப்பா ஏறவே மாட்டாரு. இவன்தான் வேணும்." சொல்லி, ஸ்கேலின் நுனியால் என் அப்பாவைக் காட்டினார்.

கடைக்காரர் பசைத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். "உயிரோட இருக்கிற ஆளு. நல்லதில்ல."

"வெறும் காகிதம்லா."

வெறும் காகிதம் என்றால் ஆரக்காலை ஏன் எண்ணினார்கள்? எனக்குள் எழுந்த கேள்வி அதுதான். அப்பாவைப் பார்த்தேன். முடியாது என்று சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அப்பா தொப்பியைக் கழற்றி, முகம் நன்றாகத் தெரியும்படி வெளிச்சத்தின் பக்கம் திரும்பி நின்றார்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"உங்களுக்கு வாய் இல்லையா? முடியாதுன்னு சொன்னா என்ன?"

"நாம மாதா கோயிலுக்குப் போற வேதக்காரங்க. இதெல்லாம் நம்பலாமா? சாமியாரு கேட்டா சிரிப்பாரு."

"சாமியாரு சிரிப்பாரு. எரியப் போறது சாமியாரு மூஞ்சியா?"

"முடியாதுன்னு சொல்லிட்டு எங்க போறது?" என்றார் அப்பா. குரல் தாழ்ந்துவிட்டது. "இந்த ரூம்பு யாரு ரூம்பு?"

அம்மா ஜெபமாலையை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். அம்மா பயந்துவிட்டாள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. நானும் பயப்பட அதுவே போதுமானதாக இருந்தது.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் காகிதக் கடைக்கு ஓடினேன். மூங்கில் எலும்புக்கூடாக நின்ற மோட்டாருக்கு நாளுக்கு நாள் உடம்பு வந்தது. பச்சைக் காகிதம், ஈயத்தாளில் விளக்கு, சீப்பு மாதிரி சக்கரம். ஓரத்தில் டிரைவரும் வளர்ந்துகொண்டிருந்தான். எல்லாம் பாதி அளவு அல்லவா? அவன் என் தோள் உயரம்தான் இருந்தான். என்னைவிடச் சின்ன உடம்பில் என் அப்பாவின் மூக்கு, என் அப்பாவின் மீசை, என் அப்பாவின் வலது புருவத்துத் தழும்பு. பார்க்க முடியவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

"இத எரிச்சா எங்க போகும்?" என்று ஒருநாள் கடைக்காரரைக் கேட்டேன்.

"தவுக்கேகிட்ட."

"மோட்டாரும்?"

"மோட்டாரும்."

"டிரைவரும்?"

அவர் பசையை ஊதி ஊதிக் காயவைத்தார். "கொஞ்சம் தப்பாச் செய்யுங்க," என்று கெஞ்சினேன். "மூக்கையாவது பெருசா வைங்க."

"உங்கப்பன் மூக்கு ஏற்கெனவே பெருசு. இன்னும் வச்சா மோட்டாருக்கு வெளிய நிக்கும்," என்றார். நான் சிரிக்கவில்லை. அழுதுவிட்டேன் என்று நினைக்கிறேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். கடை வாசலையும் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு ஸ்டீயரிங்கில் வைப்பதற்காகச் செய்து வைத்திருந்த காகிதக் கை ஒன்றை என் முன்னால் நீட்டினார்.

"எண்ணு."

எண்ணினேன். ஆறு விரல்.

"உங்கப்பாவுக்கு?"

"அஞ்சு."

"அப்போ இவன் யாரு?"

"வேற ஆளு."

"வாய மூடிக்க," என்று சொல்லி, கையைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுக் குதிரைக்குக் கண் வைக்கப் போய்விட்டார்.

வீடுவரைக்கும் நிம்மதியாக நடந்தேன். வாசலில் கால் வைத்ததும் அடுத்த பயம் வந்துவிட்டது. சின்னத் தவுக்கே சரிபார்க்க வருவாரே? ஆரக்காலை எண்ணும் மனிதர் விரலை எண்ணமாட்டாரா? அவர் கண்ணில் படாமல் தப்பினாலும், மேலே வாங்கிக்கொள்கிற தவுக்கே விரலை எண்ணுவாரா, முகத்தைப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்துவிடுவாரா? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்துக் காய்ச்சல் என்றாள்.

அடக்கத்தன்று காலையில் காகித மோட்டாரை வீட்டு முன்வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். அசல் மோட்டாரையும் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார் சின்னத் தவுக்கே. தாயும் குட்டியும்போல இரண்டும் நின்றன. கூட்டம் கூடிவிட்டது. அவர் ஸ்கேலோடு குனிந்து சக்கரத்தை அளந்தார், விளக்கை அளந்தார், நசுங்கலில் விரல் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஹார்ன் பக்கம் மாறிப்போச்சு," என்றார் என் அப்பா. "வலது பக்கம் வரணும்."

கடைக்காரர் வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டே அதைப் பிடுங்கி மாற்றி ஒட்டினார். அப்பாவின் கண்ணுக்கு ஒன்றும் தப்பவில்லை. தவறாக ஒட்டிய ஒரு பொத்தானைக்கூடக் கண்டுபிடித்தார். நான் தூணைக் கட்டிக்கொண்டு நின்றேன். இந்த அப்பா எதற்காக இவ்வளவு நன்றாகப் பார்க்கிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

கடைசியாக டிரைவரிடம் வந்தார்கள். சின்னத் தவுக்கே காகித முகத்தையும் அப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மீசை சரி. தழும்பு சரி. நீ பாரு, ஏதாச்சும் கொறையுதா?"

அப்பா மோட்டாருக்குள் குனிந்தார். தொப்பியைப் பார்த்தார். காலரைப் பார்த்தார். அவருடைய பார்வை ஸ்டீயரிங்மேல் இருந்த கைக்கு இறங்கி அங்கேயே நின்றது. கடைக்காரர் எங்கோ ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா நிமிர்ந்தபோது தன் உடம்பால் அந்தக் கையை மறைத்தபடி நின்றார்.

"ஒன்னும் கொறையல, சின்னத் தவுக்கே. நானேதான்."

அப்பா பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பொத்தானைக் கண்டுபிடித்த அப்பாவின் கண்ணை அந்த ஒரு நொடி மறைத்ததற்காக மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

தீ வைத்தது மத்தியானத்துக்குமேல். முதலில் காகித வீடு, பிறகு குதிரை. மோட்டாருக்கு வந்ததும் நான் அப்பாவின் கால்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மேல்கூரை பற்றியது. சக்கரங்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. தீ டிரைவரின் தொப்பிக்கு ஏறியது, மீசை சுருண்டது, புருவத்துத் தழும்பு இருந்த இடத்தில் ஓர் ஓட்டை விழுந்து பெரிதாகிக்கொண்டே போனது. நான் காகிதத்தையும் பார்த்தேன், அப்பாவின் செருப்புக் காலையும் பார்த்தேன். கால் இன்னும் இருக்கிறதா என்று பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்துப் புகை எங்கள் பக்கம் திரும்பியது. அப்பா இருமினார். ஒரு தடவையோடு நிற்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து இருமினார்.

"அப்பா போகாதீங்க! அவரு கூப்பிட்டாப் போகாதீங்க!" என்று அலறிவிட்டேன்.

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சின்னத் தவுக்கே முகத்தைச் சுளித்தார். அப்பா என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் சட்டை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. "எங்கயும் போகலடா, எங்கயும் போகல," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தீ அணைந்து சாம்பலான பிறகும் சொன்னார். அவர் உடம்பு நடுங்கியது தீயின் சூட்டால் என்று நினைத்தேன்.

துக்க நாட்கள் முடிந்தபின் சின்னத் தவுக்கே அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார். பழைய மோட்டாரை விற்றாகிவிட்டது, புதிதாக வருகிற சின்ன வண்டியைத் தானே ஓட்டிக்கொள்வேன், ரூம்பையும் சீக்கிரம் விட வேண்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நீ வண்டியை நன்றாகப் பார்த்துக்கொண்டாய், அப்பாவின் மோட்டாரை ஓர் ஆரக்கால் குறையாமல் அனுப்பிவைத்தாய் என்று பாராட்டித்தான் சொன்னாராம்.

வேறு ஊரில், பிரிக்பீல்ட்ஸ் என்ற இடத்தில், ரயில்வேயில் வேலைசெய்த மாமா வீட்டில், அவர்கள் குடும்பத்தோடு நெருக்கியடித்துக்கொண்டு தங்கினோம். அப்பா காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போவார்; நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் திரும்பிவந்து பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருப்பார். என் வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. முன்பெல்லாம் அப்பா எந்நேரமும் மோட்டாரோடு போய்விடுவார். இப்போது மோட்டாரே இல்லை. எந்தத் தவுக்கே எங்கிருந்து கூப்பிட்டாலும் போக வண்டியில்லை. பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து அப்பா என் கண் முன்னாலேயே இருந்தார்.

ஒரு மத்தியானம் அடுப்படியில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அம்மாவுக்கு இன்னும் அந்தப் பயம் போகவில்லை என்று எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "அழாதீங்கம்மா. அப்பாதான் எங்கயும் போகலையே. இங்கதானே உக்காந்திருக்காரு," என்றேன்.

அம்மா என்னை இழுத்து மடியில் அழுத்திக்கொண்டாள். முன்னைவிட அதிகமாக அழுதாள்.