வயிற்றுக்குள் ஒரு சாவி

மட்டாஞ்சேரியில் சுக்கு ஏற்றுமதி செய்யும் ஒரு கிடங்கில் எனக்கு வேலை. வரும் மூட்டை, போகும் மூட்டையைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஐந்து பெண்கள் இருந்தோம்.

கடவுச்சொல்லைக் காலண்டரில் எழுதி வைக்கிறோம் என்று மேனேஜருக்குக் கோபம். ஆளுக்கொரு கைப்பட்டை கொடுத்தார். பட்டை பக்கத்தில் வந்தால்தான் கம்ப்யூட்டர் திறக்கும். நல்ல யோசனைதான், சுக்குக் கிடங்கில் வேலை பார்க்காதவருக்கு. சுக்கு வெளுக்கச் சுண்ணாம்பு போடுவார்கள். அந்தத் தூள் பட்டைக்கு அடியில் போய் வியர்வையோடு சேர்ந்தால் தோல் வெந்துவிடும். ஒரே வாரத்தில் ஐந்து பேரும் பட்டைகளைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டோம்.

தங்கை கல்யாணத்துக்கு நான் பாலக்காடு போயிருந்தபோது, முன்னால் தொங்கிய என் பட்டையை எடுத்துத்தான் எல்லாரும் திறந்திருக்கிறார்கள். லீவில் இருப்பவள் கிடங்கிலும் இருக்கிறாளே என்று மேனேஜர் பிடித்துவிட்டார். தப்பு எங்களுடையதுதான், ஒத்துக்கொண்டேன். பட்டைகளைப் பிடுங்கிக்கொண்டார்.

அன்று மத்தியானமே டை கட்டிய ஒருவர் வந்தார். அவர் உள்ளங்கையில் ஒரு மாத்திரை. காலையில் விழுங்கினால் வயிற்றிலிருந்தே கம்ப்யூட்டருக்கு ஆளைக் காட்டிக்கொடுக்குமாம். கழற்றி மாட்ட முடியாதாம். இன்னும் சோதனையில்தான் இருக்கிறதாம், அதனால் ஒரு காகிதத்தில் எங்கள் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். மூட்டை தூக்கும் சேட்டன் சாயாவை உறிஞ்சிக்கொண்டே, வெளியே வந்ததைக் கழுவித் திருப்பித் தரவேண்டுமா என்று மலையாளத்தில் கேட்டார். எல்லாரும் சிரித்தோம். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போடாதவர்கள் நாளை முதல் தரையில் உட்கார்ந்து சுக்கு பொறுக்கலாம் என்றார்.

ஒன்பது வருஷம் உட்கார்ந்த நாற்காலி. போய்விடுமே என்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் தலைக்கேறிவிட்டது.

“சாரே, கம்ப்யூட்டர் உங்களோடது. வயிறு என்னோடதாக்கும்.”

அந்தக் காகிதத்தில் சம்மதமில்லை என்று எழுதினேன். தமிழில் எழுதாமல் மலையாளத்தில் எழுதினேன், மேனேஜர் யாரிடமும் கேட்காமல் படிக்கட்டும் என்று. அடுத்தவள் வாங்கி அதையே எழுதினாள். நான்காமவளுக்கு வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள், புருஷனுக்கு வேலையில்லை. அவள் எங்களைவிடப் பெரிதாக எழுதினாள்.

மறுநாள் ஐந்து பேரும் தரையில் உட்கார்ந்து சுக்கு பொறுக்கினோம். வாசலில் லாரிகள் நின்றன, உள்ளே கம்ப்யூட்டரில் மூட்டைக் கணக்கை ஏற்றத் தெரிந்த ஆள் யாருமில்லை. பத்து மணிக்கு மேனேஜர் பட்டைகளோடு வந்து, போய் வேலையைப் பாருங்கள் என்றார். மாத்திரை என்னாயிற்று என்று கேட்டேன். அதை அப்புறம் பார்க்கலாம் என்றார். நாங்கள் பொறுக்கிக்கொண்டே இருந்தோம். இனி மாத்திரை கிடையாது என்று சொல்லி, அந்தச் சம்மதக் காகிதத்தை எங்கள் கண்முன்னே அவர் கிழித்துப் போட்ட பிறகுதான் எழுந்தோம்.