விழுந்தமாதிரி என்று சொல்லாத மனோ அக்கா

மனோ அக்கா இறந்த செய்தி எங்கள் ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தது. குசினியில் தேநீருக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு ஃபோனைப் பார்த்தேன். "எங்கள் அன்புக்குரிய மனோ அக்கா இறைவனடி சேர்ந்துவிட்டார்" என்று குழுத் தலைவர் போட்டிருந்தார். அதன் கீழே கும்பிடும் கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. கைகளுக்கு நடுவே ஒருவர் கேட்டிருந்தார்: "இந்த ஞாயிறு எத்தனை மணிக்குத் தொடங்குறம்?" அதற்குத் தலைவரே, இரங்கல் எழுதிய அதே விரலால், "ஏழரை" என்று பதில் போட்டிருந்தார். அதற்கும் ஒருவர் கும்பிட்டிருந்தார். சீ என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். தேநீர் குடிக்கவும் மனம் வரவில்லை.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அறிந்தவர்கள் போல இப்போது பேசித் திரிபவர்களும் வாசிக்கட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை.

மனோன்மணி என்பது முழுப்பெயர். மருந்தாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கணவர் போன பிறகு மெல்பேர்ணின் புறநகரான கிரான்பர்னில், மகள் தாரணியின் வீட்டுக்கு அடுத்த தெருவில் தனியாக இருந்தார். அறுபது வயதைத் தாண்டித்தான் கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்தார். வயதான தமிழ்ப் பெண் என்றால் இனிமையாகச் சிரித்து, வடை சுட்டுக் கொண்டுவந்து தருவார் என்று எதிர்பார்த்தவர்கள் பாவம், நன்றாக ஏமாந்தார்கள். த பேசின் என்ற இடத்தில் இருக்கும் பிள்ளையார் கோவிலுக்குப் போனாலும் முதலில் செருப்புக் குவியலைப் பார்த்து முகம் சுளித்துவிட்டுத்தான் உள்ளே கும்பிடப் போவார். "பிள்ளையாருக்கு முன்னால பவ்வியம், வாசலில பன்றித்தனம்" என்பார். அதையும் எல்லோருக்கும் கேட்கத்தான் சொல்வார்.

குழுவில் சேர்ந்த முதல் நாளே தலைவரோடு கொழுவிக்கொண்டார். தலைவர் பந்தை அடித்தபோது அடியோடு ஒரு கை அகலத்துக்குப் புல்லும் மண்ணும் பெயர்ந்து பறந்தன. கோல்ஃபில் அது நடப்பதுதான். பெயர்ந்ததை எடுத்துவந்து குழியில் வைத்து மிதிக்க வேண்டும், அல்லது வண்டியில் இருக்கும் மணலைப் போட்டு நிரப்ப வேண்டும். தலைவர் பந்து போன திசையை ரசித்தபடி நடந்தார். பின்னால் குரல் கேட்டது. "ஐயா, உங்கட சாமான் ஒண்டை விட்டிட்டுப் போறீங்கள்." திரும்பிப் பார்த்தால் மனோ அக்கா அந்தப் புல்துண்டை ஈரம் சொட்டச் சொட்ட நீட்டிக்கொண்டு நிற்கிறார். தலைவர் சிரித்துச் சமாளித்தார். "அதைப் பார்க்கத்தானே கவுன்சில் ஆக்களுக்குச் சம்பளம் குடுக்குது" என்றார். "அப்ப வீட்டில கழிப்பறைக்குப் போனாலும் தண்ணி ஊத்த ஆள் வருமோ?" என்று மனோ அக்கா கேட்டார். அன்று பதினெட்டுக் குழி முடியும்வரை தலைவர் அவரோடு பேசவில்லை.

எங்கள் குழுவில் ஒரு சொல் உண்டு. உலகத்தில் வேறு எந்தக் கோல்ஃப் குழுவிலும் இருக்காது. பந்து குழிக்கு ஓரடி தள்ளி நின்றால் எதிராளி பெருந்தன்மையோடு, "விழுந்தமாதிரி" என்பார். உடனே பந்தைக் கையால் எடுத்துவிடலாம். ஓரடிக்கு என்று தொடங்கிய சொல் நாளடைவில் ஒரு மட்டை நீளமாகி, தலைவரின் பந்துக்கு மட்டும் ஒரு கார் நீளமும் ஆனது. மனோ அக்கா அதைச் சொல்லவும் மாட்டார், யாராவது அவருக்குச் சொன்னால் ஏற்கவும் மாட்டார். குனிந்து, நேரம் எடுத்து, அந்த ஓரடியையும் அடிப்பார். பாதி நேரம் தவறவும் விடுவார். "விழுந்தது, இல்லாட்டி விழேல்லை. மாதிரி எண்டு ஒரு கண்டறியாத கதை என்னத்துக்கு?" என்பார். அவர் கணக்கு அட்டையில் எழுதிய எண்கள் எங்கள் எல்லோருடையதையும் விட மோசமானவை. அவை மட்டும்தான் உண்மையானவை.

அவரைக் குழுவிலிருந்து ஒதுக்க வைத்தது போன வருடத்து வசந்த காலத்தின் தொடக்கம். மெல்பேர்ணில் குளிர்கால மழை முழுவதையும் குடித்து, ஆயிரம் சப்பாத்துகளின் மிதிபட்டு, குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை இறுகிப்போயிருக்கும். அதைத்தான் கிரீன் என்கிறோம். செப்டம்பர் பிறந்ததும் மைதானப் பொறுப்பாளர் கிரெக் ஒரு மெஷினை வாடகைக்கு எடுத்துவந்து கிரீன் முழுக்கத் துளை போடுவார். விரல் தடிப்பில் மண் குச்சி குச்சியாக வெளியே வரும். துளைகளில் மணல் நிரப்புவார்கள். வேருக்குக் காற்றும் தண்ணீரும் போக வேறு வழி இல்லை. ஆனால் சில வாரங்களுக்குப் பந்து தாறுமாறாகத் துள்ளும், கிரீன் அம்மை போட்ட முகம்போல இருக்கும். இந்த நாட்டில் கோல்ஃப் விளையாடுகிற ஒவ்வொருவனும், கறுப்பனோ வெள்ளையனோ, வருடா வருடம் அதைப் பார்த்து ஒரே ஒப்பாரிதான் வைப்பான்.

எங்கள் தலைவரும் வைத்தார். "போன கிழமை எவ்வளவு வடிவா இருந்தது! நாசமாக்கிப் போட்டாங்கள்" என்று கவுன்சிலுக்கு அனுப்ப ஒரு முறைப்பாடு தயாரித்து, ஆளாளுக்குக் கையெழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மனோ அக்கா குனிந்து, கிரீன் ஓரத்தில் குவிந்துகிடந்த மண்குச்சிகளில் ஒன்றை எடுத்தார். நேராக வந்து அதைத் தலைவரின் மூக்குக்குக் கீழே பிடித்தார். "மணந்து பாருங்கோ." தலைவர் மணந்துவிட்டு "சீய்" என்று இரண்டடி பின்னால் போனார். என்னிடமும் நீட்டினார். அழுகிய முட்டை நாற்றம். மேலே ஒரு விரல் நுனியளவு பச்சைப் புல், கீழே தார் போலக் கறுத்த மண். "இதைத்தான் வடிவு எண்டு சொன்னனீங்கள்" என்றார் மனோ அக்கா. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, சிரிப்பும் வந்தது. முறைப்பாட்டில் நானும் அவரும் மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

அதன்பிறகு ஞாயிறு ஆட்டத்துக்கு அவர் பெயரைச் சேர்க்க எல்லோரும் மறந்துபோனார்கள். யாரும் விலக்கவில்லை, அதுதான் எங்கள் ஆட்களின் திறமை. "ஐயோ அக்கா, இடம் நிரம்பிட்டுதே" என்பார்கள். "ஓம், ஓம், விளங்குது" என்பார் அவர். கெஞ்சவும் இல்லை, கோபித்துக்கொண்டு வெளியேறவும் இல்லை. நானும் அவரும் புதன்கிழமைகளில் விளையாடினோம். அடித்துவிட்டு நடக்கும்போது மற்றவர்கள் விட்டுப்போன காயங்களையெல்லாம் மணலால் நிரப்பிக்கொண்டே வருவார், வாய் ஒருபக்கம் திட்டிக்கொண்டே இருக்கும். "படிச்ச மாடுகள்" என்பது அவர் அதிகம் பயன்படுத்திய சொற்றொடர்.

இந்தக் குளிர்காலத்தில் இதயம் அவரைப் படுக்கையில் தள்ளியது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். மெலிந்துபோயிருந்தார், நாக்கு மட்டும் மெலியவில்லை. "குகன், நான் போனாப் பிறகு என்னை நல்லவ எண்டு சொல்லிக்கொண்டு கொஞ்சப் பேர் வருவினம். கிட்ட விடாதையும்" என்றார். நான் சும்மா கதையாதேங்கோ அக்கா என்றேன். அவர் சாப்பாட்டுத் தட்டில் இருந்த ஜெலியை அருவருப்போடு தள்ளிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

இறுதிச் சடங்கில் தலைவர் பேசினார். கறுத்த கோட்டு, கம்மிய குரல். "மனோ அக்கா ஒவ்வொரு புல்லையும் தன் பிள்ளையாக நேசித்தவர், எங்கள் குழுவின் தாயாக இருந்தவர்" என்றார். ஒரு வருடமாக இடமில்லை என்று சொல்லப்பட்ட தாய்! பக்கத்தில் இருந்தவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். இதே தலைவர்தான் வண்டியில் இருக்கும் மணல் போத்தலைப் பாரம் என்று கழற்றி எறிந்தவர். செப்டம்பரில் மனோ அக்கா ஞாபகார்த்தக் கிண்ணம் நடைபெறும் என்றும், தாரணியே கிண்ணத்தை வழங்குவார் என்றும் தலைவர் அறிவித்தார். வெளியே வந்ததும், சிற்றுண்டியாகக் கொடுத்த றோல்ஸும் பற்றிஸும் கையுமாக, யார் யாரோடு சோடி சேர்வது என்று பேசத் தொடங்கிவிட்டார்கள்.

அடுத்த கிழமை கிரெக் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். மனோ அக்காவும் நானும் புதன்கிழமைகளில் அவரோடு நின்று பேசுவது வழக்கம், என் இலக்கம் அவரிடம் இருந்தது. மரணவீட்டில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்தில் பேசினார். துளை போடுவதைத் தள்ளிவைத்துவிட்டாராம். வாடகை மெஷின் வேறு மைதானத்துக்குப் போகிறதாம், திரும்பக் கிடைக்கும்போது கோடை வந்துவிடுமாம். வெயிலில் துளை போட்டால் ஆறாது, போடாமல் விட்டால் வேர் அழுகும், ஆனால் பரவாயில்லை, உங்கள் வழக்கத்தை மதிக்க வேண்டும் என்றார். எந்த வழக்கம் என்று கேட்டேன். ஒருவர் இறந்தால் முப்பத்தொன்று, அதாவது முப்பத்தோராம் நாள் சடங்கு, கழியும்வரை அவர் நடந்த நிலத்தைக் குத்தவோ கிளறவோ கூடாது என்று எங்கள் தலைவர் விளக்கியிருக்கிறார். அப்பாவி மனிதர் மேலும் கேட்டார்: "புல் வெட்டலாமா? அதுவும் தவறா?"

துடக்கு என்கிற சாவுத் தீட்டு எங்களுக்கு உண்டு. செத்த வீட்டார் முப்பத்தொன்று வரை கோவிலுக்குப் போவதில்லை, கொண்டாட்டம் வைப்பதில்லை. புல்லுக்குத் துடக்கு என்று எந்த ஐயரும் சொல்லி நான் கேட்டதில்லை. தன் பந்து நேராக உருள வேண்டும் என்பதற்காக இந்த மனிதர் ஒரு சாவை எடுத்து, அதில் எங்கள் சமயத்தையும் குழைத்து, ஒன்றும் அறியாத வெள்ளைக்காரருக்கு ஊட்டியிருக்கிறார். அதுவும் யாருடைய சாவு! எத்தனையோ அசிங்கங்களை எங்கள் சங்கங்களில் பார்த்திருக்கிறேன், இதுபோல ஒன்றைப் பார்க்கவில்லை.

ஆனாலும் கிரெக்கிடம் உடனே சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் அந்த மைதானத்தில் இனி எந்தத் தமிழன் எதைச் சொன்னாலும் நம்புவார்களா? மீண்டும் அழைக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தாரணியிடம் போனேன். துக்கம் அவளுடையது, அவள்தான் சொல்ல வேண்டும். அவளிடம் தலைவர் கிண்ணம் கொடுக்க மட்டுமே கேட்டிருந்தார். நான் சொன்னதை வாயைத் திறந்தபடி கேட்டாள். "அங்கிள், அம்மா செத்ததுக்கு புல்லுக்கும் துடக்கோ? ஆர் யூ சீரியஸ்?" என்றாள். சிரிக்கத் தொடங்கினாள், அது நிற்காமல் அழுகையாக மாறியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கோல் ஹிம் அங்கிள். இப்பவே. நான் ஒரு கிண்ணமும் குடுக்க மாட்டன்" என்றாள்.

அவள் முன்னாலேயே கிரெக்குக்கு எடுத்தேன். அப்படி ஒரு வழக்கம் எங்களிடம் இல்லை, அது பொய் என்றேன். எதற்காகப் பொய் என்று கேட்டார். வழவழப்பான கிரீனில் விளையாடுவதற்காக என்றேன். மெஷின் இன்னும் கைவிட்டுப் போகவில்லை, திங்கட்கிழமையே தொடங்குகிறேன் என்றார். திங்கட்கிழமை தாரணி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். மணல் கொட்டி முடியும்வரை இருவரும் வேலியருகே நின்று பார்த்தோம்.

அன்று பின்னேரம் தலைவர் அழைத்தார். கிண்ணப் போட்டி நின்றுபோன கொதிப்பு. "வெள்ளைக்காரனுக்கு முன்னால எங்கட மானத்தை வித்துப்போட்டீர். விசரே உமக்கு? ஆளே போயிட்டுது, இனி ஆருக்காகச் சண்டை பிடிக்கிறீர்?" என்றார்.

"இருந்திருந்தா அவவே பிடிச்சிருப்பா. போனபடியால் நான் பிடிக்கிறன்" என்றேன்.

அவர் ஃபோனை வைத்தார். சற்று நேரத்தில் குழுவிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். மனோ அக்காவின் மட்டைகளைத் தாரணி என்னிடம் தரப் பார்த்தாள், வேண்டாம் என்றுவிட்டேன். அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்தச் சண்டையைத்தான்.