பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு மேனேஜர்

எங்கள் வீட்டை ஒட்டிக் கிழக்குப் பக்கத்தில் ஒரு மூன்று மாடிக் கட்டடம் இருக்கிறது. பன்னிரண்டு வாடகை வீடுகள். கட்டியவர் இறந்த பிறகு, வெளிநாட்டில் இருக்கும் அவருடைய மகன் எல்லாவற்றையும் ஒரு மேனேஜரிடம் ஒப்படைத்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. கசங்காத வெள்ளைச் சட்டை, ஸ்கூட்டர், இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. காந்திபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம்தான் என்பதால் எங்கள் தெருவில் வாடகை வீட்டுக்கு எப்போதும் ஆள் உண்டு. ஆள் கொண்டுவருவது, சாவி கொடுப்பது, காலி செய்ய வைப்பது, பாதித் தெருவுக்கு இதெல்லாம் அவர்தான். எங்கள் மாடிக்கும் அவர்தான் குடித்தனம் வைத்தார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கட்டடத்தின் செப்டிக் டேங்க், கீழே நான்கு வீடுகள் மட்டும் இருந்த காலத்தில் கட்டியது. மேலே எட்டு வீடு ஏறிய பிறகும் அதே டேங்க்தான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய கோடையில் அதன் மூடி விரிசல் விட்டு, தண்ணீர் தெருவுக்கு வர ஆரம்பித்தது. தெருவில் எங்கள் வாசல்தான் பள்ளம். காலையில் கதவைத் திறந்தால் கருப்பாக ஒரு ஓடை. என் கணவர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரையால் வலது காலில் ஒரு விரலை எடுத்திருந்தார்கள். புண் முழுதாக ஆறவில்லை. தினமும் நடக்க வேண்டும், ஆனால் அழுக்குத் தண்ணீர் படவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணவர் நடையை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் நாற்காலி போட்டுக்கொண்டார்.

மேனேஜருக்கு ஃபோன் செய்தேன். அவர் ஒருநாளும் ஃபோனை எடுக்காமல் இருந்ததில்லை. ஒருநாளும் குரலை உயர்த்தியதும் இல்லை.

"ஏனுங்கக்கா, நீங்க சொல்லி நான் செய்யாம இருப்பனுங்களா? நாளைக்கு லாரியோட வாரேனுங்க."

நாளை வரும், லாரி வராது. மறுபடி ஃபோன் செய்தால் மறுபடி அதே மரியாதை. நான் தொலைபேசி அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் புகார்ப் பிரிவில் உட்கார்ந்தவள். பணிவாக நான்கு வார்த்தை சொல்லி ஒருவரை ஃபோனை வைத்துவிடச் செய்வது எப்படி என்று எனக்கும் தெரியும். அதனாலேயே அவருடைய பணிவு எனக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் அலுத்துப்போனது. லாரி வந்தபோது இரண்டு மாதம் ஆகியிருந்தது. பாதி உறிஞ்சிவிட்டுப் போனார்கள். மூன்றாவது வாரம் மறுபடி ஓடை.

தெருவில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள். திட்டியது மட்டும் குடியிருப்பவர்களைத்தான். வாடகைக்கு வந்ததுகளுக்குச் சுத்தம் எங்கே தெரியும் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் காலை, தண்ணீர் எங்கள் கேட்டுக்கு உள்ளேயே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, அந்தக் கட்டடத்தின் கீழ் வீட்டிலிருந்து ஒரு பெண் டிபன் பையோடு வெளியே வந்தாள். மேட்டுப்பாளையத்துக்காரி. காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. கணவர் இல்லை. பத்தாவது படிக்கும் மகளோடு இருந்தாள். நான் தெருவில் நின்று அவளை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். மனுஷர் குடியிருக்கிற இடமா இது என்றுகூடக் கேட்டேன்.

அவள் பையைச் சுற்றுச்சுவர்மேல் வைத்துவிட்டு, "கொஞ்சம் உள்ள வந்து பாருங்கம்மா" என்றாள்.

போனேன். குளியலறையில் செங்கல் அடுக்கி அதன்மேல் ஒரு பலகை போட்டிருந்தாள். கீழே கணுக்கால் அளவு தண்ணீர். சமையலறை வாசலில் பழைய சேலைகளைச் சுருட்டி அணை கட்டியிருந்தாள். அந்த நாற்றத்துக்குள் மகள் எதுவும் காதில் விழாதது போலக் குனிந்து படித்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நாங்க ஒவ்வொரு ஊட்டுலிருந்தும் அவருகிட்டச் சொல்லிப்போட்டமுங்க. புடிக்கலீன்னா காலி பண்ணிக்கங்கங்கறாரு. தெருவுல எதாச்சும் சொன்னா, குடியிருக்கறவங்க கண்டதையும் போட்டு அடைச்சுப்போடறாங்கன்னு உங்ககிட்டச் சொல்லிக்கறாருன்னும் தெரியுமுங்க."

ஆமாம், என்னிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தார். நான் நம்பியிருந்தேன். அன்று மன்னிப்புக் கேட்டேனா என்று இப்போது யோசித்தால் நினைவில்லை. கேட்டிருக்க மாட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவள் கிளம்பிவிட்டாள்.

அந்த வாரமே மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதினேன். கட்டடத்தின் டேங்க் போதாது, பொறுப்பில் இருப்பவர் கவனிப்பதில்லை, தெருவே பாதிக்கப்படுகிறது என்று எழுதி, கையெழுத்து வாங்க வீடு வீடாக ஏறினேன். காபி கொடுத்தார்கள். என் கணவரின் காலை விசாரித்தார்கள். கையெழுத்து மட்டும் போடவில்லை. எதிர்வீட்டுக்காரர்தான் காரணத்தை வெளிப்படையாகச் சொன்னார். அவர் மாடி இரண்டு மாதமாகக் காலி. மேனேஜரைப் பகைத்துக்கொண்டால் யார் ஆள் கொண்டுவருவார்கள்? தெருவில் சொந்த வீடு இருப்பவர்களில் எனக்குக் கிடைத்தது என் கையெழுத்தும் என் கணவர் கையெழுத்தும்தான். குடியிருந்தவர்களில் ஒன்பது வீட்டார் போட்டார்கள். முதலில் போட்டவள் அந்தப் பெண்.

மண்டல அலுவலகத்துக்கு எத்தனை தடவை போனேன் என்று எண்ணவில்லை. சம்பந்தப்பட்டவர் ஃபீல்டுக்குப் போயிருப்பார். அல்லது மீட்டிங். பெஞ்சில் உட்கார்ந்து என் பழைய அலுவலகத்தை நினைத்துக்கொள்வேன். எனக்கு முன்னாலும் இப்படி எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள். பல நடைக்குப் பிறகு சுகாதார ஆய்வாளர் ஒருவர் வந்தார். மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், ஃபோட்டோ எடுத்தார், நோட்டீஸ் ஒட்டினார். அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஒரு மாதத்துக்குள் பழைய டேங்குக்குப் பக்கத்தில் பெரிதாக ஒன்று தோண்டி மூடிவிட்டார்கள். வேலை நடந்த நாளெல்லாம் மேனேஜர் நிழலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தபோதெல்லாம் கும்பிட்டார்.

வாசல் காய்ந்தது. என் கணவர் மறுபடி நடக்கப் போனார். தெருவில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள், எதிர்வீட்டுக்காரர் உட்பட.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பதினைந்து நாளில் காலி செய்யச் சொல்லிவிட்டாராம் மேனேஜர். ஓனருடைய ஒறம்பரை, சொந்தக்காரர்கள் யாரோ வருகிறார்களாம். அப்போது ஜனவரி. மகளுக்குப் பொதுத்தேர்வு மார்ச்சில்.

மேனேஜரிடம் போனேன். மனுவை அவர் பேச்சிலேயே எடுக்கவில்லை. "எங்கையில என்னங்கக்கா இருக்குது? ஓனரு சொல்றாப்ல, நான் செய்யறனுங்க" என்றார். வெளிநாட்டிலிருந்த ஓனருக்கு ஃபோன் செய்தேன். சின்ன வயதில் எங்கள் வீட்டுச் சுவரில் பந்தடித்தவன்தான். ஒறம்பரை யாரும் வருவதாக அவனுக்குத் தெரியவில்லை.

"அதெல்லாம் அவருதானுங்க ஆன்ட்டி பாத்துக்கறாரு. நான் தலையிட்டா நல்லா இருக்காதுங்க."

அவன் மேனேஜரைக் காட்டினான், மேனேஜர் அவனைக் காட்டினார். நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் மாடியைக் கொடுத்திருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது, அதுவும் அவர் வைத்த குடும்பம். கைக்குழந்தையோடு இருப்பவர்களைக் கிளம்புங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுபடி வீடு வீடாக ஏறினேன். இந்தத் தடவை காகிதம் கொண்டுபோகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வரும்போது வந்து பக்கத்தில் நின்றால் போதும் என்று கேட்டேன். நான்கு பேர் வந்தார்கள். எதிர்வீட்டுக்காரரும் வந்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மேனேஜர் எங்கள் ஐந்து பேரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, பரீட்சை முடியட்டுமுங்க என்றார். அதற்குமேல் எவ்வளவு கேட்டும் இறங்கவில்லை. ஏப்ரலில் ஒரு குட்டியானை வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு அவள் போனாள். நான் உதவப் போனேன். தூக்குவதற்கு அதிகம் இருக்கவில்லை.

அதன்பிறகு தெருவில் பேசி ஓர் ஏற்பாடு செய்தோம். எல்லா வாடகைக் கட்டடத்து கேட்டிலும் பொறுப்பாளரின் பெயரும் நம்பரும் எழுதிய பலகை தொங்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு அவர் வந்து குறை கேட்க வேண்டும். பலகை தொங்குகிறது. மேனேஜர் சில மாதம் வருகிறார், சில மாதம் வருவதில்லை. வந்தால் எங்கள் வீட்டிலேயே காபி குடிக்கிறார். எங்கள் மாடிச் சாவியை அவரிடமிருந்து வாங்கிவிட்டேன். அந்தக் குடும்பம் போனபிறகு அது பல மாதம் காலியாகக் கிடந்தது.

போன தீபாவளிக்கு முன்னால் காந்திபுரத்தில் அவள் வேலை பார்க்கும் கடைக்குப் போனேன். கூட்டம். பார்த்ததும் சிரித்து, இரண்டு மூன்று சேலைகளை எடுத்து விரித்துப் போட்டாள். மகள் நல்ல மதிப்பெண் வாங்கிப் பதினொன்றில் சேர்ந்துவிட்டாளாம். இப்போது குடியிருக்கும் வீடு எப்படி என்று கேட்டேன். ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாற வேண்டும் என்றாள். பிறகு சேலையை மடித்தபடியே, "அதுவும் அவரு பாக்கற கட்டடந்தானுங்கம்மா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அட்வான்ஸைத் திருப்பித் தராமல், அதை அங்கே மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். கையில் வேறு பணம் இல்லாததால் ஒப்புக்கொண்டாளாம். மேல் மாடி, தண்ணீர் ஏறுவதில்லை, கீழேயிருந்து குடத்தில் தூக்க வேண்டும்.

அவரிடம் சொன்னாயா என்று கேட்டேன்.

"இல்லீங்க. பாப்பா பன்னெண்டு முடிக்கற வரைக்கும் நான் எதுவும் சொல்றாப்ல இல்லீங்க."

அது எந்த வார்டு, பக்கத்தில் சொந்த வீட்டுக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபமில்லை. வேண்டாமே என்பது போல ஒரு பார்வை. அதற்குள் மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் வரவே, இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பாக இருக்கும் என்று பச்சைச் சேலை ஒன்றை என் தோளில் வைத்துக் காட்டினாள். நான் அதையே எடுத்துக்கொண்டு பில் போடும் வரிசையில் போய் நின்றேன்.