விருந்தாளியாக வந்த ஆய்வாளர்

அக்கா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருடம் விரிப்பு மடித்தாள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. முழங்கால் இரண்டும் போனபோது அத்தான் செத்து நாலு வருடம் ஆகியிருந்தது. மகள் ஆறாம் வகுப்பில் இருந்தாள்.

உழைக்க முடியாதவர்களுக்கான அரசு உதவித்தொகை கிடைத்தது. அது வந்த ஐந்து வருடமும் வாடகை தவறவில்லை, மகளின் படிப்பும் நிற்கவில்லை. "இது நம்மள மேல தூக்கிவிடாதுடா. கீழ விழாம பிடிச்சுக்கும், அவ்ளோதான்" என்பாள். அந்த 'அவ்ளோதான்' எவ்வளவு பெரியது என்று கல்லூரி வரை படித்த எனக்குத்தான் உறைக்கவில்லை.

ஆறாம் வருடம், வீட்டைப் பார்வையிட ஆய்வாளர் வருவதாகக் கடிதம் வந்தது. அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் தொகை தொடரும். அக்காவுக்கு வேறு கவலை. பெரிய மனுஷரை எதில் உட்கார வைப்பது?

"டேய், உன் வீட்டு சோபாவைக் கொண்டா. மாடிவீட்டு அண்ணிகிட்ட ஃபேன் கேட்டிருக்கேன்."

"பொண்ணு பார்க்கவாக்கா வர்றாரு?"

"வாயை மூடு. வர்ற மனுஷன் மூஞ்சி சுளிக்காம போகணும்."

சிரித்துக்கொண்டே நான்தான் சோபாவைச் சுமந்து போனேன். கிழிந்த பாயைச் சுருட்டி மறைத்ததும் நான்தான்.

ஆய்வாளர் வந்ததும் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றாள், தானே டீ போட்டுக் கொடுத்தாள். "எப்படிம்மா இருக்கீங்க?" என்றார். "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கோம் சார்." வீடு தேடி வந்தவரிடம் யார் பஞ்சப்பாட்டு பாடுவார்கள்? அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் தொகை நின்றது. வீட்டில் வசதி உள்ளது, நடமாட முடிகிறது என்று காரணம் எழுதியிருந்தார்கள். அலுவலகத்துக்குப் போய், "சோபா என்னுது சார்" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க தம்பி" என்றார் குமாஸ்தா, தலை நிமிராமல்.

மேல்முறையீட்டுக்குப் பதிலே இல்லை. எனக்கும் இரண்டு பிள்ளைகள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அக்கா மறுபடி சலவைக்கூடத்துக்குப் போனாள். எட்டாவது மாதம், ஈரத்துணி வண்டியைச் சரிவில் தள்ளும்போது கால் மடங்கி விழுந்தாள். வண்டி அவள்மேல் கவிழ்ந்தது. அதே ஆஸ்பத்திரியில், மூன்றாம் நாள் போய்விட்டாள்.

மறுவாரம் சலவைக்கூட மேலாளர் வீட்டுக்கு வந்தார். இரக்கப்பட்டு அந்த வேலையை மகளுக்கே தருவதாகச் சொன்னார். பன்னிரண்டாம் வகுப்பு முடிய நாலு மாதம் இருந்தது. "படிப்பு எங்க ஓடிடப் போகுது?" என்றார். வாடகைக்கு அவளுக்கு வேறு வழி இல்லை. போகிறாள்.

நேற்று அந்த மேலாளரை வழியில் பார்த்தேன். "பொண்ணு அப்படியே அம்மாதான் சார்" என்று மெச்சினார். "நாள் பூரா நிக்குது. ஒரு வார்த்தை பேசாது."