அம்மா மொழிபெயர்த்த இறுதி ஆட்டம்

முதல் நாள் இலங்கையிடம் தோற்றது என் வாயால்தான் என்று அணியே முடிவு கட்டிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடும்போது ஏழு பேரும் ஓடுகிறோம், விழும்போது ஏழு பேரும் விழுகிறோம், தோற்றால் மட்டும் ஒருத்தி வாயா?

ஏழு பேர் ஆடும் ரக்பி. பெண்களுக்கான சர்வதேசப் போட்டி, அந்த முறை சென்னையில் நடந்தது. பந்தை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடலாம், ஆனால் கையால் போடுவதென்றால் பின்னால் வருகிறவளுக்குத்தான் போட வேண்டும். ஓடுகிறவளை எதிரணி கட்டிப்பிடித்துக் கீழே தள்ளும். தப்பித்துக் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ஐந்து புள்ளி. பிறகு கம்பத்துக்கு மேலே உதைத்து அனுப்பினால் இன்னும் இரண்டு. எங்கள் ஊர் திருத்தணியில் இதை நான் விளக்காத ஆள் கிடையாது. எல்லாம் கேட்டுவிட்டு, "முன்னாடி ஓடறவ எதுக்குடி பின்னாடி போடறா?" என்று கேட்காத ஆளும் கிடையாது.

அணியில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர். நான், இன்னொருத்தி பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பெண். ஒரே மைதானத்தில் ஆடப் பழகியவர்கள் என்பதால் ஆட்டத்திலும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்போம். அவள் பந்தோடு ஓடுவாள். நான் ஓரத்தில் ஓடிக்கொண்டே நிலைமையைப் பார்த்து, "எனக்குப் போடு" என்றோ, "குடுக்காத, நீயே ஓடு" என்றோ கத்துவேன். எதிரில் இருப்பவளுக்கு ஒன்றும் புரியாது. எங்கள் இருவரில் யாரைக் கட்டுவது என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் நாங்கள் கடந்து போயிருப்போம்.

இலங்கை அணியில் ஒருத்தி மட்டும் யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் சரியான ஆளைச் சரியான நேரத்தில் வந்து கட்டினாள். ஆட்டம் முடிந்து கைகுலுக்கும்போதுதான் விஷயம் தெரிந்தது.

"நீங்கள் கத்தினது எல்லாம் எனக்கு வடிவா விளங்கினது அக்கா. நானும் தமிழ்தான்" என்று சிரித்தாள். அவள்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. அப்படி ஒரு சிரிப்பு.

எங்கள் பயிற்சியாளர் மேடம் வடக்கே இருந்து வந்தவர். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இறுதியாட்டத்தில் மறுபடியும் இலங்கை என்று தெரிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்தியில் பேசு, ஆங்கிலத்தில் பேசு, இன்னொரு தமிழ் வார்த்தை காதில் விழுந்தால் வெளியே உட்கார வைப்பேன், அடுத்த முகாமுக்குக் கூப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் தலையாட்டினேன். என் இந்தி ரயில் நிலைய அறிவிப்பில் கற்றுக்கொண்ட இந்தி. வேகமாக ஓடும்போது எது வலது எது இடது என்பதே அதில் வராது. முகாமுக்குப் போகாவிட்டால் இந்திய அணியின் சட்டையும் இல்லை. அதைப் போட்டுக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மைதானத்துக்குப் போகும் பஸ்ஸில் நான் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அந்தத் தறிக்காரர் வீட்டுத் தோழி, "நைனா, நைனா" என்று போனில் அவள் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டில் தெலுங்குதான். எனக்கும் தெலுங்கு வரும், கடைவீதியில் விலை பேசுகிற அளவுக்கு.

அவள் போனை வைத்ததும் சொன்னேன். "மேடம் தமிழ் கூடாதுன்னாங்க. தெலுங்கப் பத்தி எதனா சொன்னாங்களா?"

"உன் தெலுங்கக் கேட்டா எங்க நைனா அழுதுடுவாரு" என்றாள்.

"உங்க நைனாவா பந்து பிடிக்கப் போறாரு? உனக்குப் புரிஞ்சா போதும்."

அம்மா முதல் தடவையாக என் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தாள். எங்கள் தெருப் பெண்கள் சிலரோடு திருத்தணியில் காலை ரயிலேறி, புளிச்சோற்றுப் பொட்டலங்களோடு வந்து, மைதானத்து ஓரக் கயிற்றை ஒட்டி முதல் வரிசையில் இடம் பிடித்துவிட்டாள்.

ஆட்டம் தொடங்கியது. நான் தெலுங்கில் கத்தினேன். "நாக்கிய்யி" என்றால் எனக்குக் கொடு. "இய்யொத்து, நுவ்வே பரிகெத்து" என்றால் கொடுக்காதே, நீயே ஓடு. அந்த இலங்கைப் பெண் ஒரு கணம் நின்று என் வாயைப் பார்த்தாள் பாருங்கள், அந்த முகத்துக்காகவே இன்னொரு மொழி கற்றுக்கொள்ளலாம். முதல் பாதியில் இரண்டு முறை கோட்டைத் தாண்டினோம். உதைத்த இரண்டும் கம்பத்துக்கு வெளியே போயின. பத்துக்குப் பூஜ்யம்.

இடைவேளையில் மேடம் முறைத்துக்கொண்டு வந்தார். இது தமிழ் இல்லை மேடம், தெலுங்கு என்றேன். பலகையில் புள்ளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நடத்து என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாம் பாதியில்தான் வந்தது வினை. நான் "இய்யொத்து" என்று கத்தினேன். உடனே கயிற்றுக்குப் பக்கத்திலிருந்து என் குரலைவிடப் பெரிய குரல் ஒன்று, தெள்ளத் தெளிவான தமிழில், "குடுக்காத, நீயே ஓடு" என்றது. அம்மா.

திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவள் அவள். வெட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள். ஒரு முனையில் மேஸ்திரி தெலுங்கில் கத்தினால், நடுவில் நிற்கிற அம்மா அதைத் தமிழாக்கி மறுமுனைக்குக் கத்துவாள். தமிழில் வந்தால் தெலுங்காக்கி அனுப்புவாள். காதில் விழுந்ததை அடுத்தவருக்குக் கடத்தாமல் அவளால் இருக்க முடியாது. பாவம், என் தோழிக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து உதவி செய்கிறாள்.

இலங்கைப் பெண் மடமடவென்று வந்து தோழியைச் சாய்த்தாள். பந்து கைமாறியது, அவர்கள் கோட்டைத் தாண்டினார்கள், உதைத்ததும் கம்பத்துக்கு மேலே போனது. நான் அம்மாவைப் பார்த்து வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் அதை என்னவாக எடுத்துக்கொண்டாளோ, அடுத்த முறை எழுந்து நின்று, வாயருகே இரண்டு கையையும் குவித்துக்கொண்டு கத்தினாள். தெருப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். இலங்கை இன்னொரு முறை தாண்டியது, அதையும் உதைத்து ஏற்றிவிட்டது. பதினான்குக்குப் பத்து. மேடம் எனக்குப் பதிலாக இறக்க ஒருத்தியை எழுப்பி ஓடவிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகைதான். அப்போது எதிரணி ஒரு தப்பு செய்ய, நடுவர் பந்தை எங்களுக்குக் கொடுத்தார். நேரம் முடிந்திருந்தது. இந்தப் பந்து செத்தால் ஆட்டம் முடிந்தது. இடமும் அம்மாவுக்கு நேர் எதிரே. திரும்பிப் பார்த்தேன். அம்மா கையைக் குவித்துக்கொண்டு தயாராக நின்றாள். பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது.

தோழியின் காதருகே வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னேன். "இப்ப நான் இன்னா கத்தறனோ, அதுக்கு நேர்மாறா செய்."

"இன்னாடி?"

"செய்டி."

அவள் பந்தைக் காலால் தட்டி எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் ஓரமாக, ஓரடி பின்னால் ஓடினேன். எங்கள் இருவருக்கும் எதிரே, நடுவில் அந்த இலங்கைப் பெண். அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "இய்யொத்து, நுவ்வே பரிகெத்து."

அம்மா ஏமாற்றவில்லை. "குடுக்காத, நீயே ஓடு" என்று மைதானமே அதிரச் சொன்னாள். இலங்கைப் பெண் என்னை விட்டுவிட்டுத் தோழிமேல் பாய்ந்தாள். பாயும்போதே பந்து என் கைக்கு வந்துவிட்டது. முன்னால் ஒருவரும் இல்லை. கயிற்றை ஒட்டி, அம்மாவைக் கடந்து, தெருப் பெண்களைக் கடந்து ஓடினேன். கோட்டைத் தாண்டி விழுந்து பந்தை நெஞ்சுக்குக் கீழே வைத்து அழுத்தினேன். பதினைந்துக்குப் பதினான்கு. எல்லாரும் என்மேல் வந்து விழுந்தார்கள். மேடமும் விழுந்தார். அடுத்த முகாமுக்கு வாயோடு வந்து சேர் என்று காதில் சொன்னார். அந்த இந்தி மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது.

கோப்பையோடு கயிற்றுக்குப் போனால் இலங்கைப் பெண் முன்பே அங்கே நிற்கிறாள். "அம்மா, நீங்கள் சொன்னதைக் கேட்டுத்தானே நான் அங்கால போனனான்" என்று சிரிக்கிறாள்.

"ஆங், நீ கேட்டியே, நல்ல பொண்ணு" என்று அவள் கன்னத்தைத் தடவிவிட்டு, அம்மா என் தோழியிடம் திரும்பினாள். "உனுக்கு இன்னா கேடு? இவ சொன்னது காதுல விழலன்னுதானே அவ்ளோ தூரம் கத்திகினு இருந்தேன். அப்பவும் குடுத்துட்டியே."

"யம்மா, நான் வேணும்னுதான் மாத்தி சொன்னேன்" என்றேன். "நீ அத தமிழ்ல கத்துவன்னு தெரியும். இவ உன் பேச்சக் கேட்டு அந்தப் பக்கம் போவான்னுதான்."

அம்மா இலங்கைப் பெண்ணைப் பார்த்தாள், என் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள். கோபித்துக்கொண்டாளோ என்று நினைத்தேன்.

"அத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்றாள். "இன்னும் சத்தமா கத்தியிருப்பேன் இல்ல."